தத்துவப் பேராசிரியருக்கு ஏற்காட்டு மலையில் என்ன வேலை?

சேலத்துக் கல்லூரிப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து “ஏழு நாள் கேம்ப், மலைக்குப் போறோம்” என்று சொல்வது பழைய சங்கதி. அதைச் சுற்றி எழும் கேள்விகள்தான் புதிது. சமூகப் பணிக்குப் பாடத்திட்டத்தில் கிரெடிட் ஒதுக்குகிறார்கள். தரமதிப்பீட்டுக்கு நாக் (தேசிய மதிப்பீட்டு மன்றம்) குழு வரும்போது ‘விரிவாக்கப் பணி’ என்று தனியே கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பெற்றோர் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். மதிப்பெண்ணுக்காகச் செய்வது தன்னார்வத்தில் சேருமா? வேளாண்மை ஆசிரியரோ மருத்துவரோ மலைக்கிராமத்துக்குப் போனால் புரிகிறது, ஜெர்மன் தத்துவர் காந்தையும் குறளையும் நடத்துகிற தத்துவ ஆசிரியர் அங்கே போய் என்ன செய்வார்?

முதல் கேள்விக்கு விடை கிடைத்தால்தான் இரண்டாவதைத் தொட முடியும்.

மூன்று வேலைகள், ஒரே பேனர்

குழப்பத்தில் பாதி, வெவ்வேறான மூன்று வேலைகளை ஒரே பேனரின் கீழ் செய்வதால் வருகிறது.

1. தன்னார்வப் பணி: கூலி வாங்காமல், பிறர் கட்டாயம் இல்லாமல், தன் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக நேரத்தையும் உழைப்பையும் தருவது. பஸ் காசும் சாப்பாடும் வாங்கிக்கொள்வதால் தன்னார்வம் கெட்டுவிடாது. வேலைக்கு விலை பேசினால் கெடும்.

2. விரிவாக்கப் பணி: கல்லூரி தன் படிப்பையும் ஆள்பலத்தையும் வளாகத்துக்கு வெளியே கொண்டுபோவது. இது நிறுவனத்தின் பொறுப்பு. தமிழகக் கலை அறிவியல் பட்டப்படிப்புகளில் ‘பகுதி ஐந்து’ என்று வருவது இதுதான்.

3. சேவைவழிக் கற்றல்: பாடத்தோடு கோத்த பணி. மாணவர் களத்தில் ஒன்றைச் செய்கிறார், அதைப் பற்றி எழுதுகிறார், வகுப்பில் விவாதிக்கிறார். மதிப்பெண் அந்த எழுத்துக்கும் விவாதத்துக்கும் உரியது.

கிரெடிட்டுக்காக வருகிற மாணவர் மூன்றாவதைச் செய்கிறார். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அவரை மேடையேற்றி ‘தன்னலமற்ற தொண்டர்’ என்று சால்வை போர்த்தும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

கட்டாயமா, விருப்பமா: இருபது ஆண்டு வாதம்

இந்தச் சண்டை இன்று முளைத்ததல்ல. சுதந்திர இந்தியாவின் பல்கலைக்கழகக் கல்விக் குழு 1948-49இல் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் தலைமையில் செயல்பட்டது. அவர் திருத்தணியில் பிறந்தவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தத்துவம் படித்தவர், மாநிலக் கல்லூரியில் அதையே கற்பித்தவர். மாணவர்கள் தேசப்பணி செய்யட்டும், ஆனால் விருப்பத்தின் பேரில் செய்யட்டும் என்றது அந்தக் குழு.

பத்தாண்டுகளில் காற்று திசை மாறியது. 1959இல் அமைந்த சி.டி. தேஷ்முக் குழு, பள்ளி முடித்துக் கல்லூரியில் சேர விரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை தேசப்பணியைக் கட்டாயமாக்கலாம் என்றது. செலவையும் நிர்வாகச் சுமையையும் நினைத்து அதை ஏற்கவில்லை. அடுத்து கல்வியாளர் கே.ஜி. சையதைன் பல நாடுகளின் முறைகளை ஆராய்ந்து, மீண்டும் விருப்பமுறையையே பரிந்துரைத்தார். 1964-66 கோத்தாரி கல்விக் குழு, கல்வியின் எல்லா நிலையிலும் ஏதாவது ஒரு சமூகப் பணி இருக்க வேண்டும் என்றது. காந்தி நூற்றாண்டான 1969இல் செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது.

இதன் அமைப்பில் அந்தப் பழைய வாதத்தின் சமரசம் தெரிகிறது. சேர்வது விருப்பம். சேர்ந்தபின் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்தாக வேண்டும். ஆண்டுக்கு 120 மணி. அதில் 20 மணி பயிற்சிக்கு, 30 மணிக்கு மிகாமல் வளாகப் பணிக்கு, மிச்சம் 70 மணி ஊருக்கு. இது தவிர ஏழு நாள் சிறப்பு முகாம். ஓர் அலகில் 100 மாணவர், அவர்களுக்கு ஒரு திட்ட அலுவலர். அலகில் பாதிப்பேர் முகாமுக்குப் போவார்கள்.

ஆக, ‘மணிக்கணக்கு வைத்தால் தன்னார்வம் போய்விடும்’ என்ற வாதம் நிற்காது. வாக்குக் கொடுப்பதும் கொடுக்காததும் நம் இஷ்டம். கொடுத்தபின் காப்பாற்றுவது இஷ்டமல்ல. ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்று குறள் ஒப்புரவைத் தொடங்கும்போது, பதிலுக்கு ஒன்றும் எதிர்பாராத செயலையே கடமை என்கிறது. கடமையும் தன்னார்வமும் ஒன்றையொன்று விரட்டுபவை என்ற எண்ணத்துக்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை.

எவ்வளவு செய்தால் போதும்? மூன்று விடைகள்

அறவியல் பாடத்தில் இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வரும். மூன்று நிலைப்பாடுகளைத் தெரிந்துகொண்டால் மற்ற வாதங்கள் விளங்கும்.

இம்மானுவேல் காந்த் 1785இல் கடமைகளை இரண்டாகப் பிரித்தார். வாக்குத் தவறாமை, பொய்ச்சத்தியம் செய்யாமை போன்றவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பிறருக்கு உதவுவதில் தளர்வு உண்டு. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்யலாம். யாருக்கும் எப்போதும் ஒன்றும் செய்யமாட்டேன் என்று மட்டும் முடிவு செய்ய முடியாது.

இங்கிலாந்துத் தத்துவர் ஜே.ஓ. அர்ம்சன் 1958இல் வேறொன்றைச் சுட்டினார். செய்தால் போற்றுவோம், செய்யாவிட்டால் பழிக்கமாட்டோம் என்ற வகைச் செயல்கள் உண்டு, அவற்றைக் கடமை என்ற பெட்டிக்குள் அடைக்க முடியாது என்றார்.

ஆஸ்திரேலியத் தத்துவர் பீட்டர் சிங்கர் 1972இல் வெளியிட்ட கட்டுரை இந்தத் தளர்வையே கேள்விக்குள்ளாக்கியது. கிழக்கு வங்காள அகதிகள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்த காலம். ஆழமில்லாத குளத்தில் குழந்தை மூழ்கினால் உடுப்பு நனையும் என்று பார்க்காமல் இறங்குவோம், தூரத்தில் சாகும் குழந்தைக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு என்று கேட்டார். முக்கியத்துவத்தில் ஒப்பான ஒன்றை இழக்காமல் பெரிய தீமையைத் தடுக்க முடிந்தால், தடுப்பது கடமை என்பது அவர் முடிவு.

சிங்கரின் வாதத்தை நேராக மலைக்குக் கொண்டுபோனால் ஒரு சங்கடமான கணக்கு வருகிறது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய். முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,920. தமிழ்நாட்டில் 2024-25இல் நூறு நாள் வேலைக் கூலி 319 ரூபாய். அதாவது பேராசிரியரின் ஒரு நாள் சம்பளம் ஊரில் ஆறு பேருக்கு ஒரு நாள் கூலி. அவர் மண்வெட்டி பிடித்து, மதியத்துக்குள் கை கொப்பளித்து, ஓர் ஆள் வேலையில் கால்வாசி முடிப்பதற்கு, அந்தப் பணத்தைக் கூலியாகக் கொடுத்திருந்தால் ஊருக்கு வேலையும் ஆகியிருக்கும், ஆறு வீட்டில் அடுப்பும் எரிந்திருக்கும்.

இந்தக் கணக்குக்குத் தப்பிக்கிற வேலைகள் சில உண்டு. அந்த 1,920 ரூபாயைக் கொடுத்தாலும் ஊரில் வாங்க முடியாத வேலைகள் அவை. ஆண்டுக்கணக்கில் விடாமல் வருவது, சொல்வதைச் சொன்னபடி எழுதுவது, அலுவலகப் படியில் கூட நிற்பது, மறுப்பு ஆணையை வாசித்து அதன் காரணத்தில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பது. தத்துவம் படித்தவர் கால்வாய் வெட்டுவதைவிட இவற்றைச் செய்வதில்தான் நியாயம் இருக்கிறது. உடலுழைப்பு மாணவருக்கு நல்ல படிப்பினை என்பது வேறு வாதம். அது உண்மைதான், ஆனால் அந்தப் படிப்பினையின் பயனாளி மாணவர், ஊர் அல்ல. அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டால் போதும்.

அறம் படித்தவர் அறம் செய்கிறாரா?

படித்தவர் தானாகவே செய்துவிடுவார் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை. எரிக் ஷ்விட்ஸ்கேபல், ஜோஷுவா ரஸ்ட் என்ற இரு தத்துவப் பேராசிரியர்கள் அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் அறவியல் பேராசிரியர்களையும், மற்றத் தத்துவப் பேராசிரியர்களையும், வேறு துறையினரையும் ஒப்பிட்டு 2014இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாக்களிப்பது, தாயோடு பேசுவது, இரத்தம் கொடுப்பது, நன்கொடை, மாணவர் கடிதத்துக்குப் பதில் போடுவது என்று பலதையும் பார்த்தார்கள். மொத்தத்தில் அறவியலாளர் மற்றவரைவிட மேலாக நடந்துகொள்ளவில்லை. இறைச்சி உண்பது தவறு என்று சொன்னவர்கள் அறவியலாளரில் 60 விழுக்காடு, தத்துவம் சாராத பேராசிரியரில் 19. நடப்பில், முந்தைய இரவுச் சாப்பாட்டில், அந்த அளவு வித்தியாசம் இல்லை.

கருத்துக்கும் காரியத்துக்கும் இடையே நிற்பது பெரும்பாலும் கால அட்டவணைதான். சனிக்கிழமை என்று நாள் குறித்தவர் போகிறார். ‘நேரம் கிடைக்கும்போது’ என்றவர் போவதில்லை. சிகாகோவில் சமூக சேவகர் ஜேன் ஆடம்ஸ் 1889இல் ஹல் ஹவுஸ் என்ற சமூகநல இல்லத்தைத் தொடங்கியபோது தொழிலாளர் குடியிருப்பின் நடுவிலேயே வீடெடுத்துத் தங்கினார். அந்நகரப் பல்கலைக்கழகத்துத் தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி அங்கே வந்துபோகும் விருந்தாளியாக இருந்துவிடாமல் அதன் அறங்காவலர் குழுவிலும் பொறுப்பேற்றார். பொறுப்பு என்று ஒன்று இருந்தால் கூட்டத் தேதியும் இருக்கும், தவறினால் கேட்க ஆளும் இருக்கும்.

முகாம் மலையேறும்போது எங்கே கோணுகிறது

சேர்வராயன் மலையில் ஏற்காடு டவுனைத் தவிர 67 கிராமங்கள் உண்டு. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர், அதாவது தமிழ் பேசும் மலைமக்கள், வாழும் ஊர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி டவுன் வந்தபிறகு, நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம் பக்கம் போக இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். அது நாளைக்குச் சில தடவைதான். முகாம்கள் இங்கே சொல்லிவைத்தாற்போல் ஒரே இடங்களில் தவறுகின்றன.

1. காலம். கல்லூரிக்குத் தோதான நாள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். அதுவே அராபிகா காப்பிப் பழம் பறிக்கும் காலம், அதன் வாலைப் பிடித்து மிளகு வரும். ஆணும் பெண்ணும் காலையில் எஸ்டேட்டுக்குப் போனால் சாயங்காலம்தான் வீடு திரும்புவார்கள். பகல் 11 மணிக்கு ‘விழிப்புணர்வுக் கூட்டம்’ வைத்தால் எதிரே உட்கார்ந்திருப்பது கிழவர்களும் பள்ளிக்குப் போகாத குழந்தைகளும்தான். கூட்டத்தை ராத்திரி ஏழு மணிக்கு மேல் வைக்க வேண்டும். வைத்தால் மாணவர் இருட்டில் நடக்க வேண்டும், காட்டெருமை நடமாடும் மலையில் அது விளையாட்டல்ல. தங்குமிடத்துக்கு வெளியே நடக்காமல் முடிகிற இடத்தில் கூட்டம் போடுவது ஒன்றே வழி.

2. தண்ணீர். ஐம்பது மாணவர், ஆளுக்கு 40 லிட்டர் என்று சிக்கனமாகப் பிடித்தாலும் நாளைக்கு 2,000 லிட்டர், ஏழு நாளில் 14,000. பிப்ரவரி கடைசியில் ஊற்று சுருங்கத் தொடங்கியிருக்கும். ஊர்த் தொட்டியில் முகாம் குளித்தால் ஊர்ப் பெண்கள் ஓடைக்கு நடப்பார்கள். முன்கூட்டியே ஊராட்சியில் பேசி லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது முகாமை 20 பேராகக் குறைக்க வேண்டும். இரண்டாவதே மேல். கழிப்பறை இரண்டே உள்ள பள்ளியில் ஐம்பது பேர் தங்குவதும் இதே கணக்கில் சேரும்.

3. மளிகை. சேலம் லீ பஜாரில் மொத்தமாக வாங்கி ஏற்றி வந்தால் கல்லூரிக்குச் சில நூறு மிச்சம். ஊர்க் கடைக்கு ஒரு ரூபாய் வியாபாரம் இல்லை, காலிப் பாக்கெட்டுகள் மட்டும் ஊருக்கு. அரிசி பருப்பைக் கீழே வாங்கினாலும் காய், கீரை, பால், வாழையிலையை மலையில் வாங்கலாம்.

4. மரக்கன்று. இது தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கும் மலை. கன்று நட ஏற்ற காலம் ஜூன் முதல் அக்டோபர். முகாம் நடுவதோ பிப்ரவரியில். மூன்று மாதக் கோடையை வேர் பிடிக்காத கன்று தாண்டாது, ஆடுமாட்டுக்கும் தப்பாது. நடுவதை விட்டுவிட்டு 45 செ.மீ. நீள அகல ஆழத்தில் குழி மட்டும் வெட்டி ஆறப்போட்டு, மழைக்குப் பிறகு பத்துப் பேர் வந்து நடலாம். போட்டோவில் குழி அழகாக விழாது என்பதைத் தவிர இதற்கு மறுப்பு இல்லை.

5. பிளாஸ்டிக் பொறுக்குவது. பகோடா பாயின்ட், லேடீஸ் சீட் பக்கம் ஐம்பது பேர் ஒரு காலைப்பொழுதில் மூட்டை மூட்டையாகச் சேர்த்துவிடலாம். கேட்க வேண்டியது அடுத்த கேள்வி: மூட்டை எங்கே போகிறது? வண்டி ஏற்பாடு இல்லாவிட்டால் பள்ளத்தில் கொட்டும், இல்லையென்றால் எரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. விற்கிற கடைக்கும், வரி வாங்குகிற உள்ளாட்சிக்கும் உள்ள பொறுப்பை மாணவர் இலவசமாகச் சுமந்தால், பொறுப்புள்ளவர் நிம்மதியாகத் தூங்குவார். தூய்மைப் பணியாளருக்குக் கூடுதல் ஆள் போடச் சொல்லும் கோரிக்கையும் வலுவிழக்கும். பொறுக்கியதை எண்ணி, எந்த வகைக் குப்பை எத்தனை என்று எழுதி, அந்தத் தாளைக் கிராமசபையில் வைத்தால் வேலை வேறு தரத்துக்குப் போகிறது.

சமூக விமர்சகர் இவான் இல்லிச் 1968இல் மெக்சிகோவின் குவெர்னவாகாவில், அங்கே தொண்டு செய்ய வந்த அமெரிக்க மாணவர்களைப் பார்த்துக் கடுமையாகவே பேசினார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது சாரம். முழுதாக ஏற்க முடியாத வாதம். வராதே என்பது கைகழுவ விரும்புபவருக்கும் வசதியான விடை. ஆனால் மேலே உள்ள ஐந்தையும் திருத்தாத முகாமுக்கு இல்லிச்சே சரியான விடை சொல்லிவிட்டார்.

ஒரு வேலையைக் கிட்டப்போய்ப் பார்த்தால்

தத்துவ ஆசிரியர் உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன என்பதற்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நல்ல எடுத்துக்காட்டு. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தைத் தம் கைவசம் வைத்து வாழும் பழங்குடிக் குடும்பம், அதிகபட்சம் நான்கு ஹெக்டேர் வரை, அந்த நிலத்துக்கு உரிமை கோரலாம். மனு போகும் வழி இது:

1. முதலில் நிலம் என்ன வகை என்று பார்க்க வேண்டும். பட்டா நிலத்துக்கும் சாதாரணப் புறம்போக்குக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் மனு எழுதி ஊருக்கே ஆசை காட்டுவது அதிகம் நடக்கிற தவறு.

2. ஊரின் கிராமசபை 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவை அமைக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்காவது பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்காவது பெண்கள்.

3. தனிநபர் உரிமைக்கு ‘அ’ படிவம், சமூக உரிமைக்கு ‘ஆ’ படிவம் என்று வெவ்வேறு.

4. குழு நிலத்தை நேரில் பார்த்த பிறகு கிராமசபை தீர்மானம் போடும். அது உட்கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும்.

இதில் சிக்குவது சான்றில். ஒன்றுக்கு மேற்பட்ட சான்று வேண்டும். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பழைய அரசு ஆவணம் எல்லாம் செல்லும். நிலத்தில் உள்ள வரப்பு, கிணறு, சமாதி, சாமி இருக்கும் இடம் ஆகியவையும் செல்லும். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் வாய்மொழியாகச் சொல்லி, அதை எழுத்தில் பதிந்தால் அதுவும் சான்றாகும் என்கிறது 13ஆவது விதி.

எழுதுகிற கை இங்கேதான் தேர்ந்ததாக இருக்க வேண்டும். பெரியவர் ஆண்டுக்கணக்கில் பேசமாட்டார். “எம் மூத்த பொண்ணு கல்யாணத்துக்கு மிந்தியே அவுங்கப்பன் அதுல சாமை வெதைச்சான்” என்பார். அவசரக்கார மாணவர் அதை ‘1998 முதல் அனுபவம்’ என்று எழுதுவார். வேறு ஆவணத்தில் கல்யாண ஆண்டு வேறாகத் தெரியும், முரண்பாடு என்று மனு திரும்பும். செய்ய வேண்டியது இரண்டு வரி. முதல் வரியில் பெரியவர் சொன்ன சொல் அப்படியே. அடுத்த வரியில் ஆண்டு, அது எப்படிக் கணக்கானது என்ற காரணத்தோடு. எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒரு நிகழ்ச்சியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சுனாமி வந்தது 2004 டிசம்பர், சட்டம் கேட்கும் நாளுக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு. “சுனாமி வந்தப்ப அந்தக் காட்டுல என்ன வெள்ளாமை இருந்துச்சுங்க?” என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். பெயரிலும் இதே கவனம் வேண்டும். ஆதாரில் பழனிச்சாமி, ரேஷன் கார்டில் பழனி என்றிருந்தால், ‘பழனி என்கிற பழனிச்சாமி’ என்று மனு முழுக்க ஒரே மாதிரி எழுத வேண்டும்.

தத்துவர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் ‘சாட்சிய அநீதி’ என்ற கருத்தை முன்வைத்தார். சொல்பவர் யார் என்பதை வைத்து, அவர் சொல்லுக்கு உரிய மதிப்பைக் குறைப்பதும் ஒரு அநீதி என்பது அதன் உள்ளடக்கம். வகுப்பில் இதைப் பாடமாக நடத்தினால் ஒரு மணி நேரம். மலையில் இது ஒரு தாளின் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில் இருக்கிறது. பெரியவரின் சொல்லைத் திருத்தி எழுதுபவரும், தாம் அறியாமலே, அந்த அநீதியைத்தான் செய்கிறார்.

மனு மறுக்கப்பட்டால் 60 நாளுக்குள் மேல்நிலைக் குழுவிடம் போகலாம். இந்த 60 நாள்தான் கல்லூரித் தொண்டின் பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஏப்ரலில் மறுப்பு வந்தால் கல்லூரி ஜூனில் திறப்பதற்குள் கெடு முடிந்துவிடும். செமஸ்டர் கணக்கில் வாக்குக் கொடுத்தவர் விடுமுறையில் இருப்பார்.

பள்ளிப் பிள்ளைகளோடு

இரண்டாவது வேலை சுலபமானது, அதனால் சுருக்கமாக. தத்துவப் பேராசிரியர் மேத்யூ லிப்மன் 1974இல் அமெரிக்காவின் மான்ட்கிளேரில் சிறாருக்கான தத்துவக் கல்விக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். ஒரு சிறுகதையை வாசித்து, கேள்வியைப் பிள்ளைகளையே எழுப்பச் சொல்லி, வட்டமாக உட்கார்ந்து காரணத்தோடு பேச வைப்பது அவர் முறை. ஏற்காட்டு மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இதற்குக் கரும்பலகைகூட வேண்டாம். 12 முதல் 15 பேர், 40 நிமிடம், ஒரே கேள்வி. ஆசிரியர் தீர்ப்புச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். “நீ சொல்றதுக்கு என்ன காரணம்?” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாமல் இருப்பதுதான் கடினமான பயிற்சி. அதற்கு முன் வாசிப்பு வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை இருந்தால் வாசிப்பே முதல் வேலை.

வாக்கை எப்படி எழுதுவது

ஐம்பது பேர், ஏழு நாள், நாளைக்கு எட்டு மணி: 2,800 மணி நேரம் என்று அறிக்கையில் எழுதலாம். நான்கு பேர், வாரம் இரண்டு மணி, ஆண்டுக்கு 40 வாரம்: 320 மணிதான். எழுதப் படிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கோ, மனு நிலுவையில் உள்ள குடும்பத்துக்கோ முதல் கணக்கால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பத்து மாத வேலைக்கு ஏழு நாள் கூட்டம் ஈடாகாது. முகாமை நிறுத்த வேண்டியதில்லை. அதை ஊரைத் தெரிந்துகொள்ளும் அறிமுகமாக வைத்துக்கொண்டு, தொடர்பணியைச் சிறிய குழுவிடம் விட வேண்டும்.

போகுமுன் ஊராட்சித் தலைவரையும் வட்டார வளர்ச்சி அலுவலகத்தையும் பார்ப்பது நடைமுறை. ஊரின் மரபுத் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்ப்பது மரியாதை. மகளிர் குழுவைக் கேட்பதைத்தான் பலர் மறக்கிறார்கள். தண்ணீருக்கும் குழந்தைக்கும் கணக்குத் தெரிந்தவர்கள் அவர்கள். எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டு, விடைகள் எங்கே மாறுகின்றன என்று குறித்துக்கொள்ள வேண்டும். ரோடு வேண்டும் என்று ஒருவர், பஸ் நேரம் மாற வேண்டும் என்று இன்னொருவர், பிள்ளைகளுக்குச் சாதிச் சான்று வேண்டும் என்று மூன்றாமவர் சொல்லக்கூடும். கடைசியதில் கல்லூரிக்காரர் உடனே கைகொடுக்கலாம். பழங்குடிச் சான்று தாசில்தார் தருவதில்லை, கோட்டாட்சியர் தருவது என்பது தெரியாமல் அலைகிற குடும்பங்கள் உண்டு.

கிராமசபைத் தேதிகளைக் கல்லூரி நாட்காட்டியிலேயே குறித்துவிடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறில் நான்கு விடுமுறை நாட்கள், ஆகவே ‘வகுப்பு இருக்கிறது’ என்ற சாக்கு எடுபடாது. அங்கே கல்லூரிக்காரர் பேச வேண்டியதில்லை. தீர்மானம் வாசித்தபடிதான் பதிவேட்டில் ஏறியதா என்று ஊரார் பார்த்துக்கொள்ளத் துணை நின்றால் போதும்.

கடைசியாக, ஆள் மாறும் நாள். என்.எஸ்.எஸ். திட்ட அலுவலரின் பொறுப்புக்காலம் மூன்று ஆண்டு, நீட்டித்தால் இன்னும் ஒன்று. அதற்குமேல் வேறொருவர் வருவார், பெரும்பாலும் வேறு ஊரைத் தத்தெடுப்பார். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வேண்டும். எந்தக் குடும்பத்தின் எந்த மனு எந்தத் தேதியில் எங்கே கொடுக்கப்பட்டது, ஒப்புகை எண் என்ன, அடுத்த கெடு எப்போது, கையில் வைத்திருப்பவர் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு பிரதி கல்லூரியில், இன்னொன்று ஊரில், பதிவேடு வைத்துப் பழகிய மகளிர் குழுவின் பீரோவில். ஊர்ப் பிரதியில் ஆதார் நகலோ வங்கிக் கணக்கு எண்ணோ வேண்டாம். மனு எண்ணும் தேதியும் இருந்தால் அலுவலகத்தில் மற்றதை எடுத்துவிடலாம்.